தெரிந்த சொல்தான் காலை வாரும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வந்தது. "கணினி மென்பொருள் ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, படித்து முடித்தால் ஒன்றும் விளங்கவில்லை." எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தெரியாத சொல் வந்தால் நின்றுவிடுவோம். தேடுவோம், யாரையாவது கேட்போம். 'ஸ்டேபிள்', 'டிஃபால்ட்', 'ரூட்', 'ஃப்ரீ' மாதிரி பழகிய சொல் வந்தால் நிற்கவே மாட்டோம். பள்ளம் அங்கேதான் இருக்கிறது. நானும் விழுந்திருக்கிறேன், அந்தக் கதை கடைசியில் வருகிறது. இந்த முறை வைரஸ், வேகம், பேட்டரி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கடை பில்லிங்குக்கு விண்டோஸ் மாதிரி இயங்குதளமான டெபியன் லினக்ஸ் போடலாம் என்று இருக்கிறேன். அதில் ஸ்டேபிள், டெஸ்டிங், அன்ஸ்டேபிள் என்று மூன்று இருக்கின்றன. ஸ்டேபிள் போட்டால் கணினி தொங்காது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆனால் அதில் உள்ள மென்பொருள் எல்லாம் பழசாக இருக்கிறதே!
(பாத்திரக்கடை உரிமையாளர், கும்பகோணம்)

பதில்: பழசாக இருப்பதுதான் ஐயா அதன் பொருளே. 'ஸ்டேபிள்' என்றதும் நாம் 'விழாது, தொங்காது' என்று எண்ணிக்கொள்கிறோம். டெபியன்காரர்கள் அந்தச் சொல்லை முதன்மையாக 'மாறாது' என்ற பொருளில் வைத்திருக்கிறார்கள். ஒரு வெளியீடு வந்த நாளில் ஒரு மென்பொருள் எந்தப் பதிப்பில் இருந்ததோ, அந்த வெளியீட்டின் ஆயுள் முழுக்க ஏறக்குறைய அதே பதிப்புதான். பாதுகாப்புத் திருத்தமும், பெரிய கோளாறுகளுக்கான திருத்தமும் மட்டும் வந்து சேரும். புது வசதி வராது. மெனு இடம் மாறாது. 12-ஆம் வெளியீடு 2023 ஜூனில் வந்தது, 13 வந்தது 2025 ஆகஸ்டில். சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் அந்த வீடு வெள்ளையடிக்கப்படும்.

அதே கணக்கில் 'அன்ஸ்டேபிள்' என்பது நொடிக்கு நொடி விழும் என்று அர்த்தமில்லை. தினமும் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் அதையே ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் முகூர்த்த நாளில் கல்லாவுக்கு முன்னால் பத்துப் பேர் நிற்கும்போது பிரிண்டர் டிரைவர் மாறியிருந்தால் உங்களுக்கு என்ன கோபம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்கு ஸ்டேபிள்தான். புதுசு வேண்டும் என்று துடிக்கிற மகனுக்கு வீட்டில் தனியாக ஒரு கணினி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, உபுண்டு லினக்ஸில், கடிதம் தட்டும் லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் தமிழ் வரி ஒன்று விபரீதமாக உடைகிறது. உபுண்டுவில் புகார் பதிந்தேன். 'இது அப்ஸ்ட்ரீம் பிரச்சினை, அங்கே பதியவும்' என்று பதில் போட்டு மூடிவிட்டார்கள். அப்ஸ்ட்ரீம் என்பது யார்? தட்டிக்கழிக்கிறார்களா?
(கல்லூரி மாணவர், மயிலாடுதுறை)

பதில்: தம்பி, காவிரிக் கரையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாமா? உங்கள் ஊரைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போனால் பூம்புகார், கடல். நீங்கள் இருப்பது கடைமடை. அப்ஸ்ட்ரீம் என்றால் தலைமடைப் பக்கம்.

என் அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். ஷட்டரை ஏற்றி இறக்குவது, அளவைப் பார்த்து நோட்டில் எழுதுவது, வாய்க்காலை ஒட்டி சைக்கிளில் போய் வருவது, இதுதான் வேலை. ஜூன் 12 என்று மேட்டூருக்கு ஒரு நாள் குறித்திருந்தாலும், அணையில் தண்ணீர் இல்லாத வருஷத்தில் அந்தத் தேதி வெறும் தேதிதான். அப்போது கடைமடைக்காரர்கள் வந்து சத்தம் போடுவது அப்பாவிடம்தான். அவர் சொல்லும் பதில் இரண்டே இரண்டு. "மேலேயே திறக்கலைங்க" என்பது ஒன்று. "மேலேருந்து வருதுங்க, உங்க வாய்க்கால்லதான் ஆகாயத்தாமரை அடைச்சிருக்கு" என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு வியாதி. முதலாவதுக்கு நம் ஊர் வாய்க்காலை எவ்வளவு தூர் வாரினாலும் பிரயோஜனமில்லை. இரண்டாவதுக்கு மேட்டூரில் போய் நின்றாலும் பிரயோஜனமில்லை.

லிப்ரே ஆபிஸை உருவாக்குவது தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் அதைச் சேர்ந்த தன்னார்வலர்களும். அங்கிருந்து மூலநிரல் டெபியனுக்கு வருகிறது, டெபியனிலிருந்து உபுண்டுவுக்கு, உபுண்டுவிலிருந்து லினக்ஸ் மின்ட் போன்றவற்றுக்கு. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஒட்டுவேலை நடக்கும். உபுண்டுவுக்கு டெபியன் அப்ஸ்ட்ரீம், டெபியனுக்கு லிப்ரே ஆபிஸ் அப்ஸ்ட்ரீம். ஆக, அது ஒருவருடைய பெயர் இல்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும் திசை.

உங்கள் கோளாறு எந்த வகை என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. லிப்ரே ஆபிஸின் சொந்தத் தளத்திலிருந்து அவர்கள் தொகுத்ததையே இறக்கி நிறுவி, அதே வரியைத் தட்டிப் பாருங்கள். அங்கேயும் உடைந்தால் மேலேயே திறக்கவில்லை என்று பொருள். அங்கேதான் பதிய வேண்டும். அங்கே சரியாக இருந்தால் அடைப்பு உபுண்டுவில்; அந்தச் சோதனையின் விவரத்தோடு மூடிய புகாரைத் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள். மேலே போகச் சொல்வது எப்போதும் தட்டிக்கழிப்பது இல்லை. உபுண்டுவில் மட்டும் திருத்தினால் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் அந்த ஒட்டைத் திரும்பப் போட வேண்டும், மற்ற ஊர்களுக்கும் அது போய்ச் சேராது. தலைப்பில் திருத்தினால் எல்லா வாய்க்காலுக்கும் தானாக இறங்கும்.

இன்னொரு எச்சரிக்கை. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' பற்றிய ஆவணத்தில் 'அப்ஸ்ட்ரீம்' என்று வந்தால், உங்கள் கிளை எந்தத் தொலைக் கிளையைப் பின்தொடர்கிறதோ அது. எஞ்சின்எக்ஸ் என்ற வலைச் சர்வரின் அமைப்புக் கோப்பில் அதே சொல் வந்தால், முன்னால் நிற்கும் சர்வர் வேலையைத் தள்ளிவிடும் பின்னணிச் சர்வர்கள். ஒரே சொல்தான், மூன்று ஊரில் மூன்று பேச்சு.

கேள்வி: ஆறு என்று பேச்சு வந்தால் இதையும் சொல்லிவிடுங்கள். ஃபோர்க், பிராஞ்ச் இரண்டும் பிரிவதுதானே, என்ன வித்தியாசம்?
(மென்பொருள் பயிற்சி பெறுபவர், மன்னார்குடி)

பதில்: கேள்வி கேட்டது மன்னார்குடி, பதில் சொல்வது நீடாமங்கலம்; இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. எங்கள் ஊர் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. உங்கள் ஊருக்கு வருவது பாமணியாறு. பிரிந்தபின் இரண்டும் வெண்ணாற்றுக்குத் திரும்புவதில்லை. ஃபோர்க் என்ற சொல்லின் பழைய பொருள் அதுதான்: ஊற்று ஒன்று, போக்கு வேறு. ஓப்பன் ஆபிஸ் திட்டத்தின் போக்கு பிடிக்காதவர்கள் 2010 செப்டம்பரில் பிரிந்து போய் லிப்ரே ஆபிஸ் ஆனது அப்படித்தான். மைசீக்வல் என்ற தரவுத்தள மென்பொருளிலிருந்து மரியாடிபி பிரிந்ததும் அதே ரகம். பின்னால் மனஸ்தாபம் இருக்கும், தனிக்குடித்தனம் இருக்கும்.

பிராஞ்ச் என்பது ஒரே குடும்பத்துக்குள் தற்காலிகமாக ஒதுங்கி வேலை பார்ப்பது. முடிந்ததும் திரும்பச் சேர்க்கும் எண்ணத்தோடுதான் பிரிப்பார்கள்.

இதுவரை சரி. குழப்பம், நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளம் வந்ததும் வந்தது. அங்கே 'ஃபோர்க்' பொத்தானை அழுத்தினால் சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. அந்தத் திட்டத்தின் ஒரு நகல் உங்கள் கணக்குக்கு வருகிறது. அதில் திருத்தி, "என் மாற்றத்தை இழுத்துக்கொள்ளுங்கள்" என்று மூலத் திட்டத்தாரைக் கேட்கிறீர்கள். அதற்குப் பெயர் புல் ரிக்வெஸ்ட். நாம் தள்ளுகிறோம், பெயரில் ஏன் இழுப்பு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். இழுக்க வேண்டியவர் அவர். கிட்லேப்காரர்கள் இதையே மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

கேள்வி: முப்பது வருஷம் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 'டிஃபால்ட்' என்று கண்டாலே கடன் கட்டாத ஆட்களின் முகம் வரிசையாக வருகிறது. கணினி யாருக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறது?
(திருத்துறைப்பூண்டி)

பதில்: ஐயா, இரண்டும் ஒரே சொல்தான். செய்ய வேண்டியதை ஒருவர் செய்யாமல் விட்டார் என்பது அடிப்படை. உங்கள் சங்கத்தில் அவர் தவணை கட்டவில்லை. கணினியில் நாம் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. நாம் சும்மா இருந்தால் எது நடக்குமோ அது டிஃபால்ட். தமிழில் 'இயல்பிருப்பு', 'முன்னிருப்பு' என்றெல்லாம் எழுதுகிறார்கள். நான் முன்னிருப்பு கட்சி.

இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. டெபியனிலோ உபுண்டுவிலோ ஏதாவது நிறுவும்போது 'தொடரலாமா?' என்று கேட்டு, சதுர அடைப்புக்குறிக்குள் ஒய் (Y), என் (n) என்று இரண்டு ஆங்கில எழுத்து காட்டும். ஒய் பெரிய எழுத்தில் இருக்கும், என் சின்ன எழுத்தில் இருக்கும். அது அழகுக்கு இல்லை. பெரிய எழுத்தில் இருப்பதுதான் முன்னிருப்பு. வெறுமனே என்டர் தட்டினால் 'ஆமாம்' என்று ஆகிவிடும். சில இடங்களில் என் பெரிதாக இருக்கும். அங்கே என்டர் தட்டினால் 'வேண்டாம்'. கடன் பத்திரத்தில் சின்ன எழுத்தைப் படிக்கச் சொன்னவர் நீங்கள். இங்கே பெரிய எழுத்தையும் பாருங்கள்.

கேள்வி: ஆவணத்தில் உள்ளபடியே ஒரு எழுத்து விடாமல் தட்டினேன். # போட்ட வரி ஒன்றுமே செய்யவில்லை, பிழையும் காட்டவில்லை. $ போட்ட வரி 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. 'ஃபூ' என்ற கோப்பு என் கணினியில் எங்கேயும் இல்லை. என்ன தப்பு?
(தஞ்சாவூர்)

பதில்: ஒரு எழுத்து விடாமல் தட்டியதுதான் தப்பு! வரித் தொடக்கத்தில் உள்ள $, # இரண்டும் நீங்கள் தட்டுவதற்கானவை இல்லை. கணினி காட்டும் அடையாளங்கள். $ என்றால் சாதாரணப் பயனராக இயக்கு, # என்றால் ரூட் பயனராக இயக்கு. இதைத் தெரியாமல் # சேர்த்துத் தட்டினால், கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் ஷெல் அந்த வரியை வெறும் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். அதனால்தான் பிழைகூட வரவில்லை. கோண அடைப்புக்குறிக்குள் 'பயனர் பெயர்' என்று போட்டிருந்தால், குறியையும் சேர்த்து எடுத்துவிட்டு உங்கள் பெயரை இட வேண்டும். அப்படியே தட்டினால் ஏதோ கோப்பிலிருந்து படிக்கச் சொல்வதாக ஷெல் நினைத்துக்கொள்ளும். சதுர அடைப்புக்குறி என்றால் விருப்பம் இருந்தால் சேர்க்கலாம்.

ஃபூ, பார் எல்லாம் நம் ஊர் 'ராமு, சோமு' மாதிரி. கணக்குப் புத்தகத்தில் ராமு பத்து மாம்பழம் வாங்கினால் ராமுவைத் தேடிப் போவோமா? இந்த 'ஃபூ' எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து 2001-இல் இணையத் தர ஆவண வரிசையில் ஒரு ஆவணமே வெளியிட்டார்கள், எண் 3092. தேதி ஏப்ரல் 1. அதேபோல் 'எக்ஸாம்பிள் டாட் காம்' என்ற முகவரி உதாரணம் காட்டுவதற்கென்றே 1999-இல் ஒதுக்கி வைக்கப்பட்டது. அதற்கு அஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

ரூட் என்று சொன்னேன் அல்லவா, அதிலும் மூன்று உண்டு. எல்லா அதிகாரமும் உள்ள பயனர் ஒன்று. எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலே ஒற்றைச் சாய்கோடாக நிற்கும் இடம் ஒன்று. அந்தச் சாய்கோட்டுக்குக் கீழே 'ரூட்' என்ற பெயரிலேயே ஒரு கோப்புறை, அது முதலாமவரின் வீடு. 'ரூட் டைரக்டரி' என்று ஆவணம் சொன்னால் பெரும்பாலும் இரண்டாவதைச் சொல்கிறது.

கேள்வி: பாஸ்வேர்டு பற்றிப் படிக்கும்போது 'பாஸ்வேர்டு (5) பார்க்க' என்று இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் வேறு எதுவோ இருக்கிறது.
(பாபநாசம்)

பதில்: பக்க எண் இல்லை, பிரிவு எண். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் கையேடு 1971 நவம்பரில் முதல் பதிப்பாக வந்தபோதே பிரிவு பிரிவாகத்தான் வந்தது. லினக்ஸில் 1 கட்டளைகள், 5 கோப்புகளின் அமைப்பு, 8 நிர்வாகிக்கான கட்டளைகள். கையேட்டைத் திறக்கும் கட்டளையான 'மேன்' என்று தட்டி, இடைவெளி விட்டு 5, அப்புறம் பெயர். எண்ணை விட்டால் கடவுச்சொல் மாற்றும் கட்டளை பற்றி வரும். உங்களுக்கு வேண்டியது அதே பெயருள்ள கோப்பைப் பற்றிய பக்கம்.

கேள்வி: ஒரு திட்டத்தின் ஆவணத்தைத் தமிழாக்கம் செய்கிறோம். மஸ்ட், ஷுட் இரண்டுக்கும் 'வேண்டும்' என்றே எழுதிவிட்டோம். தவறா?
(ஆசிரியர், பட்டுக்கோட்டை)

பதில்: தவறுதான் சார், அதுவும் பெரிய தவறு. ஸ்காட் பிராட்னர் எழுதி 1997 மார்ச்சில் வந்த 2119 எண் இணையத் தர ஆவணம் இந்தச் சொற்களுக்கு எல்லை கட்டியது. மஸ்ட் என்றால் விலக்கே கிடையாது. ஷுட் என்றால், தகுந்த காரணம் இருந்தால் விடலாம். ஆனால் விட்டால் என்ன ஆகும் என்பதை முழுக்க எடைபோட்டுவிட்டு விட வேண்டும். மே என்றால் அவரவர் விருப்பம். நம் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதைக் கேளுங்கள். தாய்மாமனிடம் "நீங்க வராம முகூர்த்தமே இல்லை." பக்கத்துத் தெருவில் "அவசியம் வந்துடுங்க." பேருந்தில் பார்த்தவரிடம் "முடிஞ்சா வாங்க." மூன்றையும் 'வர வேண்டும்' என்று எழுதினால் தாய்மாமன் கோபித்துக்கொள்வார்.

2017-இல் வந்த 8174 எண் ஆவணம் இன்னொன்றும் சொன்னது. முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் மட்டுமே இந்தச் சிறப்புப் பொருள், சின்ன எழுத்தில் வந்தால் சாதாரண ஆங்கிலம். இங்கேதான் நமக்குச் சங்கடம். தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? நான் செய்வது இது: மஸ்ட் வந்தால் 'கட்டாயம்' என்பதைத் தடித்த எழுத்தில் சேர்க்கிறேன். ஷுட் வந்தால் 'பரிந்துரைக்கப்படுகிறது'. மே வந்தால் 'லாம்' போதும். எதிர்மறையில் இன்னும் கவனம். 'வேண்டாம்' என்று எழுதாதீர்கள்; 'செய்யாதே' என்றும் படிக்கலாம், 'தேவையில்லை' என்றும் படிக்கலாம். தடை என்றால் 'கூடாது', அவசியமில்லை என்றால் 'தேவையில்லை' என்று பிரித்துவிடுங்கள்.

கேள்வி: 'டெப்ரிகேட்டட்' என்றால் நீக்கிவிட்டார்களா?
(வலங்கைமான்)

பதில்: இன்னும் இல்லை. இப்போது ஓடும், புதிதாக எழுதுவதில் சேர்க்காதீர்கள், ஒருநாள் எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: ஃப்ரீ சாஃப்ட்வேர் என்கிறார்கள், அப்புறம் சேவைக்குப் பணம் கேட்கிறார்கள். இலவசமா இல்லையா? நீங்களும் மொழிபெயர்ப்பு செய்கிறவர்தானே, இப்படிக் குழப்பியதே இல்லையா?
(திருவாரூர்)

பதில்: முதல் பாதிக்குச் சுருக்கமான பதில். 1983-இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 'ஃப்ரீ' என்று சொன்னது சுதந்திரத்தை: இயக்க, படித்துப் பார்க்க, மாற்ற, பிறருக்குக் கொடுக்க. விற்கக் கூடாது என்று அவர்களின் ஜிபிஎல் உரிமமே சொல்லவில்லை. ஆங்கிலத்தில் சுதந்திரத்துக்கும் சும்மா கிடைப்பதற்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் நாற்பது வருஷமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1998-இல் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் வந்ததற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். தமிழில் நமக்கு 'கட்டற்ற' தனி, 'இலவச' தனி. பிழைத்தோம்.

பிழைத்தோம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் சின்ன நிரல் ஒன்றை ஒரு மார்கழியில் உட்கார்ந்து தமிழாக்கம் செய்தேன். மொழிபெயர்ப்புக் கோப்பில் சொற்கள் தனித்தனி வரியாகத்தான் வரும். அது எந்தத் திரையில், எந்த மூலையில் நிற்கும் என்று தெரியாது. 'ஃப்ரீ' என்று ஒரு வரி வந்தது. எனக்குத்தான் தெரிந்த சொல்லாயிற்றே, 'இலவசம்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். சில மாதம் கழித்து, நான் கணினி பார்த்துக்கொடுக்கும் அரிசி மில்லிலிருந்து கணக்கர் போன் செய்தார். "அக்கா, இலவசம் 40 ஜிபின்னு காட்டுது. எங்கே போய் வாங்கணும்? ரேஷன் கார்டு வேணுமா?"

அன்று ராத்திரியே தலைமடையில் திருத்தம் அனுப்பிவிட்டேன். 'காலி இடம்'. அந்த வரி எங்கே வருகிறது என்று மொழிபெயர்ப்பவர்களுக்குக் குறிப்பு சேர்க்கும்படி நிரல் எழுதுபவர்களையும் கேட்டுக்கொண்டேன், சேர்த்தார்கள். அடுத்த பதிப்பில் சரியாகிவிட்டது. மில்லில் இருப்பது டெபியன் ஸ்டேபிள். நான்தான் போட்டுக் கொடுத்தேன். எழுத்துப் பிழைக்கெல்லாம் அங்கே புதுப் பதிப்பு இறங்காது என்று கும்பகோணத்துக்காரருக்குச் சொன்னேனே, அதன்படி அடுத்த வெளியீடு வரும்வரை அந்தத் திரையில் 'இலவசம்' அப்படியே நின்றது. நான் போகும்போதெல்லாம் கணக்கர் எழுந்து நின்று, "அக்கா, இன்னும் 31 ஜிபி பாக்கி இருக்கு, சீக்கிரம் குடுத்துடுங்க" என்பார்.